கடல் இல்லாத மாவட்டத்தில் நீர்முனை ஆய்வு: காவேரிப்பட்டணத்தில் எப்படிச் செய்யலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். இளங்கலை புவியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். ஐந்து பேர் குழுவாகக் களப்பணி செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். துறையில் கொடுத்த தலைப்பு 'நீர்முனைப் பகுதியில் நகர வளர்ச்சியும் தேய்வும்'. பாடத்தில் வரும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் லண்டன், பால்டிமோர் போன்ற துறைமுகங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்திலோ கடலே கிடையாது. சென்னைக்குப் போவதா, ஒகேனக்கல் போதுமா, இல்லை குழுவில் ஒருவரின் சொந்த ஊரான காவேரிப்பட்டணத்தில் தென்பெண்ணைக் கரையிலேயே முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் 'தேய்வு என்பதை எப்படி நிரூபிப்பது' என்று ஒரு வரி. என்னைக் கேட்டால் உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான். அதற்குப் பதில் தெரிந்தால் இடம் தானாக அமைந்துவிடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நெடுங்காலம் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வகுப்பறையைவிடக் களத்தில்தான் மாணவர்களோடு அதிகம் பேசியிருப்பேன் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். நீரின் வேதியியல் என் துறை இல்லை. அது குறுக்கிடும் இடத்தில் எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் இடம். சென்னை வேண்டாம். ஒரு நாள் போய்ப் படம் எடுத்து வருவது சுற்றுலா ஆகிவிடும். திரும்பப் போய்ச் சரிபார்க்க முடியாத இடத்தில் களப்பணி செய்யக் கூடாது. ஒகேனக்கல்லும் இந்தத் தலைப்புக்குப் பொருந்தாது. அங்கே பரிசல், மீன் சமையல், எண்ணெய்க் குளியல் என்று காவிரியை நம்பிய பிழைப்பு நிறைய உண்டு, ஆனால் அது ஒரு சுற்றுலாத் தலம். கடைத்தெரு, பழைய வீடுகள், புதிய மனைப்பிரிவுகள் என்று பல காலத்து அடுக்குகள் உள்ள ஊர் உங்களுக்கு வேண்டும். காவேரிப்பட்டணத்தில் அது இருக்கிறது. 1767-இல் முதல் மைசூர்ப் போரின்போது ஹைதர் அலி முற்றுகையிட்டுப் பிடித்த கோட்டை இங்கேதான் இருந்தது. 1792-இல் பாரமகால் (இந்த வட்டாரத்தின் அன்றைய பெயர்) கிழக்கிந்தியக் கும்பினி கைக்குப் போனதும், அதன் அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நில அளவை, வரி விதிப்பு என்று சுற்றிய வட்டாரமும் இதுதான். பழைய ஊர், ஆற்றங்கரை ஊர், இன்றும் பெருகிக்கொண்டிருக்கும் பேரூர். இணையத்தில் தேடும்போது மட்டும் கவனம்: பெயர் ஒற்றுமையால் பூம்புகார் பற்றிய பக்கங்கள் வந்து குவியும்.

சரி, லண்டன் பாடத்தை என்ன செய்வது? தூக்கிப் போட வேண்டாம், அதன் எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் மேற்கிந்தியக் கப்பல்துறை 1802-இல் திறந்தது. தேம்ஸ் கரையில் சரக்கு ஏற்றி இறக்குவதுதான் கிழக்கு லண்டனின் பிழைப்பாக இருந்தது. கப்பல்கள் பெரிதாகி, கன்டெய்னர் வந்ததும் அந்த வேலை ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள டில்பரிக்கு நகர்ந்தது. 1960-களின் பிற்பகுதியில் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கி 1981-க்குள் பெரிய கப்பல்துறைகள் எல்லாமே மூடப்பட்டன. அதே 1981-இல் அரசு ஒரு வளர்ச்சிக் கழகத்தை அமைத்தது; 1998 வரை அது இயங்கியது. கிடங்குகள் இருந்த இடத்தில் கேனரி வார்ஃப் அலுவலகக் கோபுரங்கள் எழுந்தன. இந்தக் கதையைக் கப்பல் இல்லாத ஆற்றுக்கு அப்படியே பொருத்தினால் அபத்தமாக இருக்கும். அதற்கு உள்ளே இருக்கும் மூன்று கேள்விகள் எந்த நீர்க்கரைக்கும் பொருந்தும். இந்த நீர் இந்த ஊருக்கு என்ன வேலை செய்துகொண்டிருந்தது? அந்த வேலையை அதனிடமிருந்து எது எடுத்துக்கொண்டது? வேலை போனபின் கரையோர நிலம் யாருக்கு, எதற்குப் பயன்படுகிறது?

உள்நாட்டு ஊர்களில் மாணவர்கள் தடுமாறுவது எங்கே என்றால், வளர்ச்சி ஓரிடத்தில், தேய்வு வேறோர் இடத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போவதில்தான். பாடப்புத்தகப் படம் அப்படித்தான் காட்டும்: இங்கே பாழடைந்த கிடங்கு, அங்கே புதிய மால். நம் ஊர்களில் இரண்டும் ஒரே இடத்தில் நடக்கும். கரையை ஒட்டி மூன்று மாடி வீடு எழும். அந்த வீட்டின் கழிவுநீர்க் குழாய் ஆற்றில் வந்து விழும். கட்டடத்தைப் பார்த்தால் வளர்ச்சி, தண்ணீரைப் பார்த்தால் தேய்வு. 'இந்தப் பகுதி வளர்கிறதா, தேய்கிறதா' என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் உங்கள் ஐந்து பேருக்குள்ளேயே சண்டை வரும். ஊர் வளர்வதைத் தனியாக அளவிடுங்கள். நீருக்கும் ஊருக்கும் உள்ள பயன்பாடு வளர்கிறதா, குறைகிறதா என்பதைத் தனியாக அளவிடுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் இந்த இரண்டிலும் தனித்தனி மதிப்பெண் கொடுத்து, ஒரு வரைபடத்தில் ஒன்றைக் கிடையச்சிலும் மற்றொன்றைக் குத்தச்சிலும் போடுங்கள். இரண்டும் உயர்ந்த இடம், இரண்டும் விழுந்த இடம், ஒன்று ஏறி மற்றொன்று இறங்கிய இடங்கள் என்று புள்ளிகள் நான்கு மூலைகளில் விழும். எந்த மூலையில் புள்ளிகள் குவிகின்றன என்பதுதான் உங்கள் ஆய்வின் விடை. தேய்வை நிரூபிக்க எனக்குத் தெரிந்த நேர்மையான வழி இதுதான்.

தென்பெண்ணை பற்றி உறுதியாக எழுதக்கூடியவற்றை முதலில் தருகிறேன். நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூரின் கிழக்குப் புறத்தைத் தொட்டுக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் வருகிறது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை, அதற்குக் கீழே கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்ட அணை), அதைத் தாண்டிக் காவேரிப்பட்டணம், பிறகு நெடுங்கல் தடுப்பணை, அங்கிருந்து பாரூர் பெரிய ஏரிக்குத் தண்ணீர், வெகுதூரம் கீழே சாத்தனூர் அணை. கே.ஆர்.பி. அணை 1957-58 காலத்தது. அதன் இடது, வலது கால்வாய்கள் சுமார் 9,000 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. பெங்களூரின் கழிவுநீர் கலந்து கெலவரப்பள்ளியில் நுரை மலையாகக் குவிவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 2017 நவம்பரில் கே.ஆர்.பி. அணையின் மதகு ஒன்று உடைந்து தண்ணீர் வீணாக வெளியேறியது. ஆக, காவேரிப்பட்டணத்துக் கரையில் நீங்கள் பார்க்கும் ஓட்டம் மழை தரும் ஓட்டம் மட்டும் இல்லை. அணையில் எப்போது, எவ்வளவு திறக்கிறார்கள் என்பதும் அதைத் தீர்மானிக்கிறது. வறண்ட ஆற்றைப் பார்த்தவுடன் 'மழை குறைந்துவிட்டது' என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்த உறுதியான விஷயம், நீரின் வேலையை எது எடுத்துக்கொண்டது என்பதில் பாதி விடை. நம் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை படிந்தவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்காகவே ஜப்பான் நிறுவனக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டி 2013-இல் தொடங்கிவைத்தார்கள். தென்பெண்ணைக் கரை ஊர்களுக்கும் குடிக்கும் தண்ணீர் காவிரியிலிருந்து குழாயில் வருகிறது. உடல்நலத்துக்கு நல்லது, சந்தேகமே இல்லை. ஆனால் தன் வாசலில் ஓடும் ஆற்றை ஓர் ஊர் பொருட்படுத்தாமல் இருக்க இது எவ்வளவு தூரம் இடம் கொடுத்தது என்பது நல்ல களக் கேள்வி. அதற்கு முன்பே ஆழ்துளைக் கிணறும் தெருக்குழாயும் இந்த வேலையைத் தொடங்கியிருக்கும். எந்த வேலை எந்தக் காலத்தில் ஆற்றை விட்டுப் போனது என்று வரிசைப்படுத்த முடிந்தால், ஆசிரியர் கேட்கும் 'தேய்வின் கட்டங்கள்' அங்கேயே கிடைத்துவிடும்.

இனி சந்தேகத்துக்கு உரியவை. கரையோரக் கடைத்தெருவில் பூட்டிய கடைகள் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு கெட்டதால் தெரு கெட்டது என்று எழுதக் கை துறுதுறுக்கும். வேறு காரணங்கள் எத்தனையோ உண்டு. பெங்களூருக்கும் சேலத்துக்கும் இடையே ஓடும் தேசிய நெடுஞ்சாலை 44 (2010 வரை அதன் எண் 7) வியாபாரத்தைத் தன் பக்கம் இழுத்திருக்கலாம். வாரிசுகளுக்குள் பாகத் தகராறு இருந்து கட்டடம் பூட்டிக் கிடக்கலாம். மகன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதால் அப்பா கடையை மூடியிருக்கலாம். பக்கத்திலேயே நிகழ்வதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. சில நாள் களப்பணியால் 'கரைக்கு அருகே இப்படி இருக்கிறது, தள்ளிப் போகப் போக இப்படி மாறுகிறது' என்று காட்ட முடியும். ஏன் என்பதற்கு நேர்காணலில் மக்கள் சொன்ன காரணங்களை, அவர்கள் சொன்னதாகவே எழுதலாம். அதற்கு மேல் போக உங்களிடம் ஆதாரம் இருக்காது. அறிக்கையில் இதை வெளிப்படையாகச் சொன்னால் மதிப்பெண் கூடுமே தவிரக் குறையாது.

வேலையை இப்படித் தொடங்குங்கள். இந்திய நில அளவைத் துறையின் பழைய எண் முறையில் காவேரிப்பட்டணம் 57 எல்/3 நிலவரைபடத்தில் வரும். ஒரு சென்டிமீட்டருக்கு அரை கிலோமீட்டர் அளவுத்திட்டம். உங்கள் துறை அலமாரியிலேயே கிடைக்க வாய்ப்பு அதிகம். அதில் ஊர் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று பாருங்கள். அளவை செய்த ஆண்டு ஓரத்தில் அச்சிட்டிருக்கும், அதைக் குறித்துக்கொள்ளாமல் பயன்படுத்தாதீர்கள். அப்புறம் கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பின்னோக்கி நகர்த்தி, கரையோரத்தில் புதிதாக வந்த கூரைகளை ஆண்டுவாரியாகக் கோடு போட்டு எடுங்கள். கணினிக்கு முன்னால் செலவாகும் இந்த ஒரு நாள், களத்தில் இரண்டு நாளை மிச்சப்படுத்தும்.

செயற்கைக்கோள் படங்களைக் கணினியில் தானியங்கியாக வகைப்படுத்தித் தருவதாக ஒரு நண்பர் கட்டாயம் முன்வருவார். அங்கே ஒரு பொறி இருக்கிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தின் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர்; நம் ஊர்த் தெருவில் அதற்குள் நாலைந்து வீடுகள், ஒரு புளியமரம், ஒரு மாட்டுக்கொட்டகை எல்லாம் அடங்கிவிடும். 2015 முதல் கிடைக்கும் சென்டினல்-2 படம் 10 மீட்டர், கொஞ்சம் பரவாயில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், காய்ந்த மணலும் வெற்று நிலமும் கான்கிரீட்டைப் போலவே ஒளியைத் திருப்பி அனுப்புவதால், கட்டடப் பரப்பைக் கணக்கிடும் குறியீடுகள் கோடைகாலத் தென்பெண்ணையின் மணல் படுகையையே 'நகரம்' என்று காட்டிவிடும். நீர்முனையை ஆராயப் போய் ஆற்றின் நடுவே நகரம் வளர்ந்திருப்பதாக அறிக்கை கொடுத்தால் எப்படி இருக்கும்! ஆற்றுப் படுகையைக் கையால் வெட்டி ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள், அல்லது இந்த அளவு சிறிய ஊருக்குக் கண்ணால் பார்த்துக் கோடு போடுவதே போதும்.

களத்தில் முக்கியமான வேலை, ஊரை ஊடறுத்துப் போகும் கோடுகள். தண்ணீர் விளிம்பில் தொடங்கி, கரை, கடைத்தெரு, வீடுகள் என்று எதிர்ப்புற ஊர் எல்லை வரை நான்கு கோடுகள் எடுங்கள். இரண்டு பழைய ஊர்ப்பகுதி வழியாகவும், இரண்டு புதிய மனைப்பிரிவுகள் வழியாகவும் போகட்டும். ஒவ்வொரு ஐம்பது மீட்டருக்கும் நின்று குறியுங்கள்: தரைத்தளத்தில் என்ன பயன்பாடு, எத்தனை மாடி, கூரை என்ன வகை, பூட்டியா திறந்தா, தலைவாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது, சாக்கடை எந்தப் பக்கம் போகிறது. கூரையை வைத்துக் கட்டடத்தின் காலத்தை ஓரளவு ஊகிக்கலாம். நாட்டு ஓடு, மங்களூர் ஓடு, மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த தட்டைக் கூரை), ஆர்.சி.சி. (கம்பி கட்டிய கான்கிரீட்) தளம் என்று ஒரு வரிசை உண்டு. ஓட்டு வீட்டை மாற்றாமல் இன்றும் நன்றாக வைத்திருப்பவர்களும் உண்டு என்பதால் பழைய கூரையைத் தேய்வின் அடையாளமாக எண்ணாதீர்கள். பராமரிப்பு வேறு, வயது வேறு.

கரையை ஒட்டிய பகுதிக்குத் தனிப் படிவம் வைத்துக்கொள்ளுங்கள். படித்துறை, துணி துவைக்கும் கல், உறைகிணறு, பம்புசெட், கோயில், சுடுகாடு, ஆடுமாடு இறங்கும் தடம், மணல் எடுத்த பள்ளம், குப்பை மேடு, கழிவுநீர் விழும் வாய் ஆகிய ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறித்து, இன்று பயன்படுகிறதா, கைவிடப்பட்டதா, வேறொன்றாக மாறிவிட்டதா என்று எழுதுங்கள். என் பார்வையில் அறிக்கையின் உயிர் இந்தப் பட்டியலில் இருக்கிறது. முட்செடி மூடிய படித்துறை ஒன்றை நல்ல படத்தோடு காட்டுவது பத்துப் பக்கக் கோட்பாட்டைவிட மேல். கழிவுநீர் வாய்களை எண்ணலாம், நிறம், நாற்றம், நுரை குறிக்கலாம். ஆனால் கடையில் வாங்கிய நீர்ச்சோதனைப் பட்டைத்தாளை நனைத்துவிட்டு 'ஆறு மாசடைந்துள்ளது' என்று தீர்ப்பு எழுத வேண்டாம். எந்த நேரம், எந்த ஓட்டம், மேலே எது கலந்தது என்று தெரியாமல் ஒரு மாதிரியால் எதுவும் சொல்ல முடியாது; அதற்குத் தனிப் படிப்பு இருக்கிறது.

சுற்றுச்சூழல் தரத்துக்கு மைனஸ் இரண்டிலிருந்து பிளஸ் இரண்டு வரை மதிப்பெண் போடும் முறையை வகுப்பில் சொல்லியிருப்பார்கள். ஒரே இடத்துக்கு இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் போடுங்கள். உள்ளூர்க்காரர் குப்பையைக் கவனிக்கவே மாட்டார், வெளியூர்க்காரர் அதை மட்டும்தான் பார்ப்பார். அந்த வித்தியாசத்தைச் சராசரி எடுத்து மறைக்காமல் அப்படியே காட்டுங்கள். எண்களைப் பயன்படுத்த வேண்டும் என்று ஆசிரியர் வற்புறுத்தினால், ஆற்றிலிருந்து தூரத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் ஸ்பியர்மன் தர ஒட்டுறவு (இரண்டு தரவரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) போடுங்கள். பத்து இடங்கள் என்றால், இருபுறச் சோதனையில் ஐந்து சதவீத மட்டத்துக்கு 0.648-ஐத் தாண்ட வேண்டும். பக்கத்துப் பக்கத்து இடங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால் இந்தச் சோதனை கொஞ்சம் தாராளமாகவே 'ஆம்' சொல்லும். அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மக்களிடம் பேசுவதுதான் பலர் கெடுத்துக்கொள்ளும் இடம். கையில் நாடாவும் படிவமும் வைத்துக்கொண்டு கரையோர வீட்டு வாசலில் நின்றால், தாலுகா ஆபீஸிலிருந்து ஆக்கிரமிப்பு அளக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். பயம் நியாயமானது, ஆற்றுப் புறம்போக்கில் இருப்பவர்களுக்கு அது வாழ்வாதாரப் பிரச்சினை. கல்லூரிக் கடிதத்தை முதலில் காட்டுங்கள், முடிந்தால் உள்ளூர் நண்பரை முன்னால் பேச விடுங்கள். பட்டா இருக்கிறதா என்று கேட்கவே கூடாது. பெயர், கதவு எண், புல எண் எதுவும் அறிக்கையில் வர வேண்டாம். வீட்டைப் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் 'சரிங்க அக்கா' என்று நகர்ந்துவிடுங்கள். ஆண் பிள்ளைகள் மட்டும் போனால் துவைக்கும் துறை, தண்ணீர் எடுக்கும் இடம் பற்றிப் பெண்கள் பேச மாட்டார்கள். ஆற்றோடு அதிகம் பழகியவர்கள் அவர்கள்தான், ஆகவே குழுவில் பெண்கள் இருந்தால் அந்த நேர்காணல்களை அவர்களே நடத்தட்டும்.

'ஆறு முன்பு நன்றாக இருந்ததா' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள்; அந்த விடையால் பயனில்லை. செயலைக் கேளுங்கள். பாட்டி, நீங்கள் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது குடிக்கத் தண்ணீர் எங்கே எடுத்தீர்கள், துணி எங்கே துவைத்தீர்கள், எப்போதிலிருந்து அங்கே போவதை விட்டீர்கள்? ஆண்டு நினைவிருக்காது, நிகழ்ச்சி நினைவிருக்கும். எம்.ஜி.ஆர். இறந்ததற்கு முன்பா பின்பா (1987), தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்ததற்கு முன்பா (2004), ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்தபிறகா, அணையின் மதகு உடைந்த வருஷமா என்று கேட்டால் பத்துக்கு ஏழு பேர் பட்டென்று சொல்வார்கள். மூன்று பேர் தனித்தனியாக ஒரே காலத்தைச் சொன்னால் அதை 'ஓரளவு நம்பகம்' என்று வையுங்கள், ஒருவர் மட்டும் சொன்னால் 'ஒருவர் கூற்று' என்று எழுதுங்கள்.

மக்கள்தொகைக்கு 2001, 2011 கணக்கெடுப்புகளின் மாவட்டக் கையேடுகளைப் பாருங்கள். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டதால், அதற்குப் பிந்தைய எண்ணிக்கை என்று இணையத்தில் உலவுவது எல்லாம் கணிப்புதான். அதை உண்மை எண்ணாகப் போட்டால் தேர்வாளர் பிடித்துவிடுவார். 2011-க்குப் பிந்தைய வளர்ச்சிக்குப் பேரூராட்சி அலுவலகத்தில் சொத்துவரி விதித்த கட்டடங்களின் ஆண்டுவாரி எண்ணிக்கையைத் துறைத் தலைவர் கடிதத்தோடு கேளுங்கள். தெருவாரியாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஒப்பிட இரண்டாவது இடம் வேண்டும் என்றால் ஓசூர் ராமநாயக்கன் ஏரியைச் சொல்வேன். 1970-களில் சிப்காட் என்ற அரசுத் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து ஓசூர் தொழில் நகரமாகி, 2019-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஏரி நகரத்தின் நடுவே மாட்டிக்கொண்டது. அங்கே நிலத்தின் விலை வேறு, ஏரிக்கரையில் நடக்க வருபவர்களின் கூட்டமும் வேறு. ஏரி பாசன வேலையை இழந்து, வேடிக்கை பார்க்கும் வேலையைப் பெறுகிறதா என்று பார்க்கலாம். அகமதாபாத்தில் 2012-இல் திறந்த சபர்மதி ஆற்றுமுனைத் திட்டத்தில் பெரிய அளவில் நடந்தது இதுதான்: கரையைக் கான்கிரீட்டால் கட்டி, நர்மதைக் கால்வாய்த் தண்ணீரை விட்டு, ஆற்றையே காட்சிப் பொருள் ஆக்கினார்கள். அங்கிருந்த குடிசைகளை அகற்றினார்கள் என்பதையும் சேர்த்தே படியுங்கள். நீர்முனை வளர்ச்சிக்கு இன்னொரு முகம் ஊத்தங்கரை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஒரே நாளில் அங்கே சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, பேருந்து நிலையப் பகுதியில் நின்ற வண்டிகளைச் சாலையிலிருந்து உருட்டிக்கொண்டு போனது. அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் நம் மாவட்டத்தில் குறைவு. ஏரிக்கு உபரிநீர் போகும் வழியில் எது வந்து நிற்கிறது என்று கலங்கலிலிருந்து (ஏரி நிரம்பினால் உபரிநீர் வழியும் இடம்) கீழ்நோக்கி நடந்தாலே ஓர் ஆய்வு ஆகிவிடும். ஆனால் ஐந்து பேர், ஒரு பருவம் என்றால் மூன்று இடங்களையும் தொடாதீர்கள். காவேரிப்பட்டணம் ஒன்றை ஆழமாகச் செய்வதே போதும் என்பது என் கருத்து. ஒப்பீடு கட்டாயம் என்றால் மட்டும் ஓசூர்.

போகும் காலம்: தை, மாசி நல்லது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும், வெயில் தொடங்கியிருக்காது. சிவராத்திரியை ஒட்டி வரும் மயானக் கொள்ளைக்குக் காவேரிப்பட்டணத்தில் பெருங்கூட்டம் கூடும். அன்று எடுக்கும் ஆள் எண்ணிக்கையைச் சாதாரண நாளோடு கலக்காதீர்கள், ஆனால் அன்று கட்டாயம் போங்கள். அன்றாடப் பயன்பாடு போனபின்னும் சடங்குக்காக மட்டும் ஊர் ஆற்றுக்கு வருகிறதா என்பது மூன்று கேள்விகளில் முதலாவதற்குக் கூடுதல் சான்று. ஆடிப்பெருக்கும் அப்படித்தான். சாதாரண நாள் ஒன்று, சந்தை நாள் ஒன்று, திருவிழா நாள் ஒன்று என்று ஒரே இடங்களில், ஒரே நேரத்தில், பத்து நிமிடம் நின்று எண்ணினால் அழகான அட்டவணை கிடைக்கும்.

மணல் எடுத்த குழிகள் தண்ணீருக்கு அடியில் தெரியாது, அணையில் திறந்தால் ஓட்டம் சட்டென்று கூடும். ஆகவே படித்துறைக்குக் கீழே யாரும் இறங்க வேண்டாம், கரையிலிருந்தே எல்லாவற்றையும் குறிக்கலாம். கே.ஆர்.பி. அணையின் நீர்வரத்து, வெளியேற்றம் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் வரும். கிளம்புவதற்கு முதல் நாள் பார்த்துக்கொள்ளுங்கள். கோடுகளை வரைந்தபின் அந்த வரைபடத்தை இங்கே போட்டால், எந்தக் கோட்டை எங்கே நகர்த்தலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.